ஊர் வரலாறு யாருக்குச் சொல்லப்படுகிறது?

1

எமது சமூகத்தில் கடந்த சில தசாப்தங்களாக அதிகம் எழுதப்பட்ட நூல்வகைகளுள் ஊர் வரலாறும் ஒன்று. கிழக்குக் கரையோர முஸ்லிம் ஊர்களுள் தனக்கென ஒரு வரலாற்று நூலோ, குறைந்தபட்சம் ஒரு பாடசாலை நூற்றாண்டு மலரோ இல்லாத ஊர் அரிது. தெற்கிலும் மலையகத்திலும் மேல் மாகாணத்திலும் நிலைமை பெரிதும் வேறல்ல. பள்ளிவாசல் திறப்பு விழா மலர்கள், தேசிய மீலாத் விழாக்களையொட்டி வெளிவந்த மாவட்டத் தொகுப்புகள், பல்கலைக்கழக மாணவர்களின் ஆய்வேடுகள் என்பவற்றையும் சேர்த்தால் ஓர் அலுமாரி நிறைந்துவிடும்.

இவற்றை எழுதியோரிற் பெரும்பாலானோர் ஓய்வுபெற்ற அதிபர்கள், ஆசிரியர்கள், மௌலவிமார், பத்திரிகை நிருபர்கள். ஆய்வு நிதியோ நூலக வசதியோ இன்றிக் கைக்காசைச் செலவழித்து, வீடு வீடாகச் சென்று முதியோரைக் கண்டு எழுதியவர்கள். இவர்கள் எழுதியிராவிட்டால் பல ஊர்களின் பழைய குறிச்சிப் பெயர்கள்கூட எமக்குத் தெரிந்திராது. அந்த வகையில் இவர்களுக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். எனினும் நன்றி வேறு, விமர்சனம் வேறு. எம்மிடையே கவிதைக்கும் சிறுகதைக்கும் ஓரளவேனும் விமர்சனம் உண்டு. ஊர் வரலாற்றுக்கு வெளியீட்டு விழா மாத்திரமே உண்டு. விழாவில் முதற்பிரதி பெறுபவர் நூலை வாசித்திருப்பதில்லை. வாசித்தவர்களோ அதில் தமது குடும்பத்தவரின் பெயர் விடுபட்டுள்ளதா என்பதையே முதலிற் பார்க்கின்றனர்.

இந்நூல்களிற் பலவற்றை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது அவற்றின் அமைப்பு ஒரே வார்ப்பில் இருப்பதைக் காணலாம். அமைச்சரின் வாழ்த்துரை, பிரதேச செயலாளரின் ஆசியுரை, உலமா சபைத் தலைவரின் அணிந்துரை. முதலாம் அத்தியாயத்தில் அரபு வணிகர்கள் கப்பலில் வருகின்றனர். பாவா ஆதம் மலை தரிசனம் நிகழ்கிறது. இரண்டாவதில் ஊர்ப் பெயர்க் காரணம். அடுத்துப் பள்ளிவாசல்கள், பாடசாலைகள், முதலாவது வைத்தியர், முதலாவது சட்டத்தரணி, முதலாவது பட்டதாரி. பின்னர் போடியார்மார், விதானைமார், பாராளுமன்ற உறுப்பினர்கள். கடைசியாகப் புகைப்படங்கள். போடியாரின் வயலில் வேலை செய்த முல்லைக்காரர் யார், அவருக்கு எத்தனை மூடை நெல் கிடைத்தது என்பதெல்லாம் இந்த அமைப்புக்குள் இடம்பெறுவதில்லை. பாய் இழைத்தவரும் தறியில் இருந்தவரும் வள்ளத்தில் போனவரும் 'தொழில்கள்' என்ற தலைப்பின் கீழ் ஒரு பந்தியில் முடிந்துவிடுகின்றனர்.

இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது? எனது அபிப்பிராயத்தில் இது மனுவின் அமைப்பு. யாரோ ஒருவர் மேலே இருந்துகொண்டு 'நீங்கள் எப்போது வந்தீர்கள், உங்களில் யார் பெரியவர்கள், நீங்கள் எங்களுக்கு என்ன செய்தீர்கள்?' என்று கேட்கிறார். அதற்குப் பணிவாகப் பதில் எழுதப்படுகிறது. ஊர் வரலாறு ஊராருக்காக எழுதப்படுவதுபோலத் தோன்றினாலும் அது பேசுவது ஊருக்கு வெளியே இருக்கும் ஒருவருடன்தான். அதன் பலமும் பலவீனமும் இதிலிருந்தே பிறக்கின்றன.

2

இந்தக் கேள்வி எப்போது கேட்கப்பட்டது என்பதற்கு எம்மிடம் தெளிவான திகதியுண்டு. 1885இல் சட்டநிரூபண சபையில் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். மொழி, வழக்காறு, உடலமைப்பு என்பவற்றை ஆதாரமாகக் காட்டிய அவ்வாதம் 1888இல் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் கட்டுரையாக வெளிவந்தது. இது வெறும் இனவியல் ஆராய்ச்சியன்று. சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனியான ஆசனம் வேண்டுமா, அல்லது தமிழ்ப் பிரதிநிதி அவர்களுக்கும் போதுமா என்பதே அன்றைய பிரச்சினை. 1889இல் எம்.சி. அப்துல் றகுமான் முஸ்லிம் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டதுடன் அந்த ஆசனத்துக்கான விடை கிடைத்தது. ஆனால் கேள்வி ஓயவில்லை. 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு விரிவான மறுப்பை எழுதினார். அரபு வம்சாவழி என்ற வாதம் அதிலே முழுமையான வடிவம் பெற்றது. சோனகர் இஸ்லாமியக் கலாசார நிலையம் 1957இல் அதனை மறுபதிப்புச் செய்தது என்பதிலிருந்தே அவ்வாதத்தின் தேவை எவ்வளவு காலம் நீடித்தது என்பதை உணரலாம்.

அப்துல் அஸீஸின் மறுப்பு அன்றைய சூழலில் அவசியமானது. அதில் ஐயமில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரத்தம் எதுவென்பதைக் கொண்டே உரிமை எதுவென்பது தீர்மானிக்கப்படும் என்ற இராமநாதனின் எடுகோளை அவரும் ஏற்றுக்கொண்டார். உங்கள் முன்னோர் தமிழர் என்றதற்கு, இல்லை அரபிகள் என்று பதிலளிக்கப்பட்டது. எவருடைய வழித்தோன்றலாக இருந்தாலும் ஒரு சமூகம் தன் பிரதிநிதியைத் தானே தெரிவுசெய்யலாம் என்ற மூன்றாவது பதில் அந்த விவாதத்தில் எழவேயில்லை. காத்ரி இஸ்மாயில் 1995இல் எழுதிய கட்டுரையொன்றில், தென்னிலங்கை முஸ்லிம் மேட்டுக்குடி தன்னை எவ்வாறு சமாதானமான வணிகச் சமூகமாகச் சித்திரித்துக்கொண்டது என்பதையும், அச்சித்திரத்தில் கிழக்கின் விவசாயிகளுக்கு இடமில்லாமற் போனதையும் எடுத்துக்காட்டினார். கொழும்பிலே ஓர் ஆசனத்துக்காக எழுதப்பட்ட வாதம் காலப்போக்கில் மட்டக்களப்பு வயல்வெளி ஊர்களின் வரலாற்று நூல்களுக்கும் முதலாம் அத்தியாயமாயிற்று.

மனு மாற்றார் மனங்கோணாமல் எழுதப்பட வேண்டியது. லோர்னா தேவராஜா 1994இல் வெளியிட்ட ஆங்கில நூல் எம்மவர் அதிகம் மேற்கோள் காட்டும் நூல்களுள் ஒன்று. ஆயிரமாண்டு இன ஒற்றுமை என்பது அதன் தலைப்பிலேயே உண்டு, கி.பி. 900 முதல் 1915 வரை என்று கால எல்லையும் உண்டு. 1915இல் என்ன நடந்தது என்பது எமக்குத் தெரியும். கண்டி இராச்சியம் எமக்கு அளித்த ஆதரவை நன்றியுடன் நினைவுகூர்வது நல்லதே. ஆனால் எம்மவர் அந்நூலை எடுத்தாளும்போது ஆயிரமாண்டைப் பற்றிப் பேசி, அது நின்றுபோகும் ஆண்டைப் பற்றிப் பேசாமல் விடுகின்றனர். மனுவிலே மனுதாரர் தன் காயத்தைக் காட்டுவதில்லை. தன் விசுவாசத்தையே காட்டுகிறார்.

இரண்டாம் இராஜசிங்கனைப் போர்த்துக்கேயரிடமிருந்து காப்பாற்றிய பங்கரகம்மனைப் பெண்ணின் கதையும் அவ்வாறே. மன்னன் ஒளிந்திருந்த இடத்தைக் காட்டிக்கொடுக்க மறுத்து அவள் வெட்டுண்டு இறந்தாள் என்றும், மன்னன் 'மா ரெ லே' என்று அவளது இரத்தத்தைப் போற்றி, அவளது உறவினருக்குக் காணி வழங்கினான் என்றும் மரபுக்கதை சொல்கிறது. எத்தனையோ மேடைகளில் இக்கதையைக் கேட்டிருக்கிறோம். அந்தப் பெண்ணின் பெயர் என்ன? கதை எமக்கு அதைச் சொல்வதில்லை. அவளது இரத்தம் ஒரு சமூகத்தின் விசுவாசத்துக்கான பற்றுச்சீட்டாகிவிட்டது. பற்றுச்சீட்டிலே தொகையும் பெற்றவர் பெயரும் இருந்தாற் போதும்.

3

கிழக்கின் கதையும் பெயரில்லாத பெண்களிலிருந்தே தொடங்குகிறது. எப்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்து 1962இல் வெளிவந்த மட்டக்களப்பு மான்மியமும் அதையொட்டிய வாய்மொழி மரபுகளும் முக்குவருக்கும் திமிலருக்கும் இடையே நடந்த சண்டையைக் கூறுகின்றன. பட்டாணியர் என்று குறிப்பிடப்படும் முஸ்லிம்கள் முக்குவருக்குத் துணைநின்று திமிலரை வடக்கே துரத்தினர். சத்துருவை வென்ற இடம் சத்துருக்கொண்டான். எதிரி மேலும் ஏறிவர முடியாத ஊர் ஏறாவூர். துரத்திச் சென்றவர்கள் வந்து ஆறிய இடம் வந்தாறுமூலை. உதவிக்குக் கைம்மாறாக முக்குவப் பெண்கள் முஸ்லிம்களுக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்டனர் என்றும் அம்மரபு கூறும்.

பெயர்க் காரணக் கதைகளை மொழியியல் ஒப்புக்கொள்ளுமா என்பது வேறு விடயம். ஒரே கதையை இரு சமூகங்களும் எவ்வாறு கையாளுகின்றன என்பதே இங்கு முக்கியம். தமிழர் தரப்பு நூல்களில் 'நாங்கள் பெண் கொடுத்து இடங்கொடுத்தோம்' என்ற தொனி. முஸ்லிம் தரப்பு நூல்களில் 'நாங்கள் காப்பாற்றிக் கொடுத்தோம்' என்ற தொனி. ஒரு தரப்பு உரிமையாளராகவும் மறுதரப்பு மீட்பராகவும் நிற்கிறது. இரு தரப்பும் சேர்ந்து மறந்துபோனது அந்தப் பெண்களை.

இதில் ஒரு பெரிய முரண் உண்டு. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் குடிமுறை தாய்வழியானது. பிள்ளை தாயின் குடியைச் சேரும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவார்; வீடு வளவு பெண்ணுக்கே எழுதப்படும். பள்ளிவாசல் நிருவாகத்தில் மரைக்காயர்கள் தத்தமது குடியின் பிரதிநிதிகளாக அமர்ந்தனர். அயலிலுள்ள தமிழரிடையேயும் இதே அமைப்பு உண்டு. மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு பல்லாண்டுகள் ஆய்வுசெய்து 2008இல் வெளியிட்ட நூல் இதனை விரிவாக விளக்கியுள்ளது. ஆக, எம்மூர்களின் உண்மையான அத்திவாரம் தாய்மாரின் வரிசை. அரபு வணிகரோ பட்டாணி வீரரோ வந்து தங்கினார் என்றால் அவர் தங்கியது ஒரு பெண்ணின் வீட்டில்தான். அவள் பேசிய தமிழ்தான் எமது தமிழ். அப்படியிருந்தும் ஊர் வரலாற்று நூல்களில் வம்சாவழிப் பட்டியல் தகப்பனிலிருந்து மகனுக்குப் போகிறது. குடிமுறை பற்றிய குறிப்பு பின்னிணைப்பிலோ, 'முன்னைய வழக்கங்கள்' என்ற தலைப்பிலோ சற்றுக் கூச்சத்துடன் இடம்பெறுகிறது. அரபு மூலத்தை நிறுவ வேண்டிய மனுவுக்குத் தாய்வழிக் குடி ஒரு சங்கடமான சாட்சி.

குவேறோஸ் பாதிரியாரின் நூலை ஆதாரமாகக் கொண்டு, 1626இல் போர்த்துக்கேயர் தமது பிரதேசங்களிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்களில் 4,000 பேரைச் செனரத் மன்னன் மட்டக்களப்பில் குடியேற்றினான் என்று ஏறக்குறைய எல்லா நூல்களும் கூறுகின்றன. அந்த 4,000 பேர் வந்தபோது இங்கு ஏற்கெனவே யார் இருந்தனர், வந்தவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் இடையே காணி எவ்வாறு பங்கிடப்பட்டது, யார் போடியாரானார், யார் கூலியானார் என்ற கேள்விகளுக்குள் எவரும் போவதில்லை. வந்தமைக்கு மன்னனின் அனுமதி இருந்தது என்பதே மனுவுக்குப் போதுமானது.

இந்நூல்களின் மொழியும் கவனிக்கத்தக்கது. 'எனக் கூறப்படுகிறது', 'என அறியப்படுகிறது', 'என்பர்' என்றே வசனங்கள் முடிகின்றன. கூறியவர் யார்? பெரும்பாலும் எங்கோ ஒரு மூத்தம்மா. திண்ணையில் இருந்துகொண்டு அவர் சொன்னதை நூலாசிரியர் எழுதியிருப்பார். நன்றியுரையில் அச்சகத்தாரின் பெயர் இருக்கும். மூத்தம்மாவின் பெயர் இருக்காது. செயப்பாட்டு வினைக்குள் ஒரு தலைமுறைப் பெண்களின் அறிவு மறைந்து கிடக்கிறது.

4

மான்மியக் கதையில் வரும் அதே ஊர்ப் பெயர்கள் 1990இலும் வருகின்றன. அவ்வாண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர். சில நாட்களின் பின் ஏறாவூரில் உறக்கத்தில் இருந்த குடும்பங்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டன. செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் தமிழர்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர், இராணுவத்தினரால் கொல்லப்பட்டனர். முன்னொரு காலத்தில் இரு சமூகங்களும் சேர்ந்து எதிரியைத் துரத்தியதாகக் கதை சொல்லும் அதே பாதையில், ஒரு மாத இடைவெளியில் இவை நடந்தன.

காத்தான்குடியும் ஏறாவூரும் எமது நூல்களில் உண்டு. இருக்கத்தான் வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஓகஸ்டில் ஷுஹதாக்களை நினைவுகூர்கிறோம். ஆனால் எமது நூல்களில் சத்துருக்கொண்டான் இல்லை. வீரமுனையும் இல்லை. 1990 ஓகஸ்டில் வீரமுனைக் கோயிலிலே தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்ட சம்பவத்தில் முஸ்லிம் ஊர்காவற் படையினருக்கும் பங்கிருந்தது என்பது மனித உரிமை அறிக்கைகளில் பதிவாகியுள்ளது. சம்மாந்துறைக்கும் வீரமுனைக்கும் இடையே ஒரு வீதிதான். ஆனால் எமது ஊர் வரலாறுகளில் அந்த வீதியைக் கடப்பது மிகக் கடினமாக உள்ளது. தமிழர் தரப்பு நூல்களும் இதேபோலவே ஏறாவூரைக் கடந்து போகின்றன.

'அவர்கள் எழுதட்டும், பிறகு நாங்கள் எழுதுகிறோம்' என்று சொல்லப்படுவதுண்டு. இது அரசியல்வாதிக்குப் பொருந்தும், எழுத்தாளனுக்குப் பொருந்தாது. எமது இழப்பை உலகம் நம்ப வேண்டுமென்றால், அயலவரின் இழப்பை அறிந்தவர்களாக நாம் அதைச் சொல்ல வேண்டும். தன் காயத்தை மட்டும் எழுதும் வரலாறு அடுத்த தலைமுறைக்குக் கையளிப்பது கோபத்தை மட்டுமே.

5

இவ்விடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் எழலாம். மனு எழுதாமல் எம்மால் இருக்க முடியுமா? எமது இருப்பே கேள்விக்குள்ளாகும்போது ஆதாரம் காட்டாமல் வேறென்ன செய்வது? வடக்கின் அனுபவம் இந்தக் கேள்வியைக் கூர்மைப்படுத்துகிறது.

மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில், ஓர் ஒல்லாந்த அதிகாரியின் வேண்டுகோளுக்கிணங்க எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையில் சோனகர் உசனில் குடியேறியதும், பின்னர் நல்லூரில் வாழ்ந்ததும், அவர்களை அகற்ற விரும்பியோர் கிணறுகளில் பன்றி இறைச்சியைப் போட்டதும், அதனால் அவர்கள் அவ்விடம் விட்டுப் போனதும் சொல்லப்படுகின்றன. வெளியேற்றத்தின் கதை வெளியேற்றப்பட்டவரின் ஏட்டில் அல்ல, மற்றவரின் ஏட்டிலேயே எமக்குக் கிடைக்கிறது. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள், ஏறக்குறைய 75,000 பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். சரியாக ஐந்தாண்டுகளின் பின், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமத் தமிழர் இலட்சக்கணக்கில் இடம்பெயர நேர்ந்தது. ஒரே திகதி இரு சமூகங்களின் நாட்காட்டியிலும் கறுப்பாக இருக்கிறது. ஒருவர் நாட்காட்டியை மற்றவர் பார்ப்பதில்லை.

வடக்கு முஸ்லிம்களைப் பொறுத்தவரை ஊர் வரலாறு என்பது பெருமைப் பேச்சல்ல. உறுதிகளும் பதிவேடுகளும் வீடுகளோடு போய்விட்டன. புத்தளத்து முகாம்களில் பிறந்த பிள்ளைக்கு ஊர் என்பது உம்மாவும் வாப்பாவும் சொன்ன சொற்கள்தான். யுத்தம் முடிந்து திரும்பிப் போனபோது காடு வளர்ந்திருந்தது. முசலிப் பிரதேசத்தில் மரிச்சுக்கட்டி, பாலைக்குழி, கரடிக்குழி போன்ற ஊர்களின் காணிகள் 2012இல் வன ஒதுக்கமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. மக்கள் ஊரில் இல்லாத காலத்தில் வளர்ந்த மரங்கள் அவர்களுக்கெதிரான சாட்சியாயின. 2015இல் தென்னிலங்கை ஊடகங்கள் அவர்களை வில்பத்துக் காட்டை அழிக்க வந்த அந்நியர்களாகக் காட்டின.

அங்கே வரலாறு நிச்சயமாக ஓர் ஆதாரமாக வேண்டப்பட்டது. ஆனால் எந்த வரலாறு? பத்தாம் நூற்றாண்டில் அரபுக் கப்பல் வந்தது என்பது மரிச்சுக்கட்டியில் ஒரு வேலியைக்கூட நிறுவ உதவாது. கிணறு யாருடைய வளவில் இருந்தது, எந்தக் குளத்தின் கீழ் யார் எத்தனை ஏக்கர் விதைத்தார், பாடசாலைச் சேர்விடாப்பில் யாருடைய பெயர்கள் இருந்தன, மையவாடி எங்கே, அயல் தமிழ்க் கிராமத்தவர் எந்த வழியாக வந்துபோயினர் என்பவையே உதவும். மனுவாக எழுதப்பட்ட வரலாறு இப்படிப்பட்ட சின்னஞ்சிறு விபரங்களை இழிவென்று ஒதுக்கியதால் மனுவாகவும் தோற்கிறது. வெளியேற்றம் பற்றிய மக்கள் ஆணைக்குழுவின் அறிக்கை 2011இல் வெளிவந்தபோது அதன் பெறுமதி, சாதாரண மனிதர்கள் தம் வாயால் சொன்னவை அதில் இருந்தமையே.

6

அதிகாரம் எப்போதும் வெளியிலிருந்துதான் வருகிறது என்று சொல்லித் தப்பவும் முடியாது. நாமே அழித்தவையும் உண்டு.

பலாங்கொடைக்கு அருகிலுள்ள கூரகலை இதற்கு நல்ல உதாரணம். முஹியித்தீன் அப்துல் காதிர் ஜீலானி அவர்கள் பாவா ஆதம் மலைக்குப் போகும் வழியில் அங்குள்ள குகையில் தங்கித் தியானித்தார்கள் என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. தப்தர் ஜெய்லானி என்றழைக்கப்படும் அவ்விடத்தில் 1922இல் பள்ளிவாசல் கட்டப்பட்டது. அதே பாறைகளில் பிராமிக் கல்வெட்டுகளும் உண்டு. பலாங்கொடைப் பாராளுமன்ற உறுப்பினராகவிருந்த எம்.எல்.எம். அபூசாலி அவ்விடத்தின் வரலாற்றை எழுதி 2002இல் நூலாக வெளியிட்டார். 2013இல் பௌத்த தீவிரவாத அமைப்புகள் கூரகலையைக் குறிவைத்தன. அங்கிருந்த கட்டடங்கள் சில அகற்றப்பட்டன. 2022இல் அரச வெசாக் விழா அங்கு நடந்தது.

அந்நாட்களில் முஸ்லிம் சமூகம் ஒரே குரலில் பேசியதா? இல்லை. ஸியாரமும் கந்தூரியும் மார்க்கத்துக்கு முரணானவை என்று பல தசாப்தங்களாகப் போதிக்கப்பட்ட ஒரு தலைமுறைக்கு அவ்விடத்தைத் தனதென்று சொல்லத் தயக்கமாக இருந்தது. மார்க்க விவாதத்துக்குள் நான் போகவில்லை. அது உலமாக்களின் வேலை. ஆனால் வரலாற்றாசிரியனுக்கு வேறொரு கடமை உண்டு. ஒரு வழக்கத்தைப் பின்பற்றாமல் விடுவது வேறு. அது இருந்ததென்பதையே எழுதாமல் விடுவது வேறு. கொடியேற்றம், றாதிப், மௌலூத், கந்தூரிச் சோறு, கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பெயரால் கூடும் கூட்டம் என்பவை 'அறியாமைக் கால வழக்கங்கள்' என்ற ஒரு வரிக்குள் அடக்கப்படும்போது, அவற்றோடு சேர்ந்து எமது காணியுரிமையும் கடல்வழித் தொடர்பும் அயலவர் உறவும் அழிகின்றன. நாம் கைவிட்ட இடத்தை மற்றவர் எடுத்துக்கொள்ளும்போது எம்மிடம் காட்டுவதற்கு ஏடு இருப்பதில்லை.

காத்தான்குடியில் 2015இல் திறக்கப்பட்ட பூர்வீக நூதனசாலையையும் இங்கு நினைக்கலாம். முன்னோர் வாழ்வைக் காட்ட ஆளுயர உருவங்கள் வைக்கப்பட்டன. உருவங்கள் கூடாதென்று மார்க்க அடிப்படையில் எதிர்ப்பு எழுந்தது. விவாதம் முழுவதும் உருவம் கூடுமா கூடாதா என்பதிலேயே நின்றது. அந்த உருவங்கள் யாரைக் காட்டுகின்றன, யாரைக் காட்டவில்லை என்று கேட்க எவரும் இருக்கவில்லை. இன்னொரு பக்கத்தில், 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளுக்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது, தமிழ் பேசுவோர் பெரும்பான்மையாக வாழும் அம்மாகாணத்துக்கான அச்செயலணியில் ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இருக்கவில்லை. எமது மண்ணின் வரலாற்றை எம்மைக் கேளாமல் எழுதுகிறார்கள் என்று நாம் குரலெழுப்பினோம். அது சரியான குரல். அதே நியாயத்தை எமது ஊருக்குள்ளும் பிரயோகிக்க வேண்டும். நாவிதக் குடும்பத்தைச் சேர்ந்த ஒஸ்தாவையும், மருத்துவம் பார்த்த ஒஸ்தா மாமியையும், கூலிக்கு நெல் குற்றியவளையும் கேளாமல்தான் நாமும் எழுதியிருக்கிறோம்.

7

இனி எழுதப்போகிறவர்களுக்கு மூலங்கள் இல்லையென்று சொல்ல முடியாது. பள்ளிவாசல் கணக்குக் கொப்பிகள், காதியாரின் விவாகப் பதிவேடுகள், பழைய உறுதிகள், சேர்விடாப்புகள், அரபுத்தமிழ்க் கையெழுத்துகள், வட்டைவிதானைமாரின் குறிப்புகள் இன்னும் வீடுகளில் உள்ளன. பெண்கள் பாடிய கவிகள் உள்ளன. அவற்றை நாட்டார் இலக்கியம் என்று ஒரு பக்கமாக ஒதுக்காமல், புருசன் கடலுக்குப் போன வீட்டின் வரலாறாக வாசிக்கலாம். ஊரின் மறுபாதியான தமிழ்க் கிராமத்துக்குச் சென்று அங்குள்ள முதியோரிடமும் கேட்கலாம். அதிகம் செலவாகாது. சொன்னவரின் பெயரை எழுதும் ஒழுங்கும், ஊரின் பெரிய மனிதர்கள் முகஞ்சுளித்தாலும் பரவாயில்லை என்ற துணிவும் வேண்டும். அமைச்சரின் வாழ்த்துரை இல்லாமலும் நூல் அச்சாகும்.

ஓட்டமாவடிக்கு அப்பால் மஜ்மா நகரில் இன்று ஒரு மையவாடி உள்ளது. கொவிட் காலத்தில் 2020 ஏப்ரல் முதல் ஜனாஸாக்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டன. இருபது நாட் குழந்தையும் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. முதலில் இரணைதீவு என்றார்கள், அங்குள்ள மக்கள் எதிர்த்தார்கள். பின்னர் மார்ச் முதல் நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் ஜனாஸாக்கள் மஜ்மா நகருக்குக் கொண்டுவரப்பட்டன. ஓராண்டில் அங்கு அடக்கப்பட்டோர் 3,600க்கும் மேல். முஸ்லிம்கள் மட்டுமல்ல, பௌத்தர்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அங்கே இருக்கின்றனர்.

எந்த ஊர் வரலாற்று நூலிலும் முன்னர் இடம்பெறாத அந்த மண்ணில் இன்று கொழும்பும் கண்டியும் காலியும் புத்தளமும் கிடக்கின்றன. அந்த ஊரின் வரலாற்றை ஒருவர் நாளைக்கு எழுதுவார். அவர் அரபு வணிகர்களிலிருந்து தொடங்கினால் அந்தக் கப்றுகளிடம் போய்ச் சேரமாட்டார். நிலத்தை விட்டுக்கொடுத்தவர், குழி வெட்டியவர், இரவில் லொறியை எதிர்பார்த்து நின்றவர், தூரத்து ஊரில் வீட்டு வாசலிலேயே வழியனுப்பிவிட்டு நின்ற பெண் ஆகியோரிலிருந்து அவர் தொடங்க வேண்டும். அவர்களிற் பலர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள். போய்க் கேட்பதற்கு இதுவே நேரம்.